ஃபிரிட்ஜுக்குள் ஃபாரின் சரக்கு

காளி கோவிலைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் மணிக்கயிற்றை இழுத்தேன். நாலாவது மாடியிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்தார். சாவி கயிற்றிலேயே இறங்கி வந்தது. சிங்கப்பூரில் 18 வருடமாக லிஃப்ட்டில் ஏறி இறங்குகிறேன், இந்தச் சுகம் அங்கே ஏது? ரங்கூனில் என் சந்தோஷம் அதோடு சரி.

பெரியப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி முற்றி, ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. மகோதரம் என்பார் அவர். யாரோ சொன்னார்கள் என்று ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசிக்கு ஒரு கிளினிக்கில் நாள் குறித்து வைத்திருந்தார்கள். மூன்று ஊசி. அவர்கள் கேட்ட பணத்துக்குக் கடையை அடகு வைக்கவேண்டும்.

கிளினிக்குக்குப் போனோம். தோல் சோபா, ஏசி, திரீ இன் ஒன் காப்பி. உட்கார்ந்த பத்தாவது நிமிடம் கரண்ட் போனது. நம் ஊரில் அதெல்லாம் ஒரு செய்தியா? ஜெனரேட்டர் முக்கி முனகி வருவதற்குள், எங்களுக்குத் தண்ணீர் எடுக்க ஒரு பெண் போன் வெளிச்சத்தில் ஃபிரிட்ஜைத் திறந்தார். தண்ணீர் பாட்டிலுக்கும் பாதி குடித்த ஆரஞ்சு பானத்துக்கும் நடுவே, ரப்பர் பேண்ட் சுற்றிய சின்னக் குப்பிகள்.

"இதுதானா?"

"ஆமாங்க, ஃபாரின் சரக்கு."

ஸ்டெம் செல்லை உறைய வைத்துக் காப்பதென்றால் திரவ நைட்ரஜன் வேண்டும்; மைனஸ் 196 டிகிரி. இங்கே கதவே சரியாக மூடவில்லை. இடுப்பால் ஓர் இடி இடித்து மூடினார். யாருடைய செல், எங்கே வளர்த்தது என்று கேட்டேன். சயா (டாக்டரை பர்மிய மொழியில் அப்படித்தான் அழைப்பார்கள்) விளக்குவார் என்றார்கள். சயா வந்து தவணை முறையை விளக்கினார்.

பிரிட்டனில் 81 சிரோசிஸ் (ஈரல் சுருக்க) நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து ஏற்றியும், வழக்கமான சிகிச்சையைவிட ஈரல் ஒன்றும் தேறவில்லை. கடுமையான பாதிப்புகள்தான் கூடின. வரும் வழியில் இதைச் சொன்னேன். "அது வெள்ளைக்காரன் ஈரல்ப்பா" என்றார் பெரியப்பா.

மறுநாள் பழைய டாக்டரிடம் போனோம். நீரை எடுத்தார், ஹெபடைடிஸ் பி மருந்தான டெனோஃபோவிரை நிறுத்தக்கூடாது என்றார், உப்பு மிகுந்த மீன் விழுதான ஙப்பிக்குத் தடை போட்டார். வேறென்ன எழுத? சாயங்காலம் மருந்துப் பையைக் கயிற்றுக் கிளிப்பில் மாட்டி மணியடித்தேன். பெரியம்மா இழுத்துக்கொண்டிருக்கும்போதே கிளினிக்கிலிருந்து வைபரில் செய்தி: இந்த வாரம் முன்பணம் கட்டினால் மூன்றாவது ஊசி பாதி விலை.