ஒரு நாளைக்கு 30 டாலர்: மலிவு நாடுகளில் உண்மையில் எவ்வளவு ஆகும்?

மலிவுப் பயணப் பட்டியல்களில் ஒரு நாட்டின் பெயருக்கு எதிரே ‘ஒரு நாளைக்கு 30 டாலர்’ என்று போட்டிருந்தால், அந்த முப்பதில் எதெல்லாம் அடங்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படுக்கை, சாப்பாடு, ஊருக்குள் பஸ் ஆகிய மூன்றும் பெரும்பாலும் இருக்கும். விசா, ஊர் விட்டு ஊர் போகும் செலவு, நுழைவுச் சீட்டு, ஏடிஎம் பிடித்தம் ஆகிய நான்கும் இருக்காது. கையைக் கடிப்பவை இந்த நான்குதான்.

அதனால் இங்கே எல்லா நாட்டையும் ஒரே அளவுகோலில் வைத்திருக்கிறோம். ஹாஸ்டலில் ஒரு படுக்கை, அல்லது இருவர் அறையில் பாதி வாடகை, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடையில் மூன்று வேளை, குடிதண்ணீர், ஊருக்குள் இரண்டு பஸ், மூன்று நாளைக்கு ஒருமுறை 250 கிலோமீட்டர் பயணம், பார்க்க வந்த இடங்களின் சீட்டு, விசாக் கட்டணத்தைத் தங்கும் நாட்களால் வகுத்த தொகை. விமானமும் மதுவும் கணக்கில் இல்லை. தொகைகள் தோராயமானவை. சீசனில் கூடும், மழைக்காலத்தில் குறையும்.

இந்த அளவுகோலில் கொடுத்த காசுக்கு நிறைவாகக் கிடைக்கும் நாடு வியட்நாம். 14 நாள் பயணத்துக்கு நாளொன்றுக்கு 27 முதல் 33 டாலர். ஒருமுறை நுழையும் இ-விசா 25 டாலர், அதாவது நாளைக்கு 2 டாலருக்கும் கீழே. பலர் சேர்ந்து தங்கும் டார்ம் அறையில் ஒரு படுக்கை 6 முதல் 9 டாலர்; காலைச் சாப்பாட்டோடு இந்த விலைக்குத் தரும் ஹாஸ்டல்களும் உண்டு. ஒரு கிண்ணம் ஃபோ (நூடுல்ஸ் சூப்) 40,000 முதல் 60,000 டாங். ஹுவே அரண்மனைச் சீட்டு 200,000 டாங், ஏறக்குறைய 8 டாலர். பெரிய சீட்டு என்றால் இதுதான், வழிநெடுக இது போல் நிறைய இல்லை. ஹாலாங் விரிகுடாவில் கப்பலில் ஓர் இரவு தங்கினால் மட்டும் கணக்கு ஆட்டம் காணும். நான்கு நாள் செலவை அந்த ஓர் இரவே விழுங்கிவிடும்.

ஸ்லீப்பர் பஸ் ஏறினால் ஓர் இரவு வாடகை மிச்சம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பாதிதான் உண்மை. 250, 300 கிலோமீட்டர் தூரத்துக்கு இரவு பஸ் பிடித்தால் அதிகாலை 4 மணிக்கே இறக்கிவிடுவார்கள். அறை மதியம்தான் கிடைக்கும். முன்கூட்டியே அறை கேட்டால் பாதி நாள் வாடகை போடுவார்கள், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் தடங்களில்தான் இரவு பஸ்ஸால் லாபம். ஹனோய்க்கும் சைகோனுக்கும் இடையே 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கிறது. அதை நாலைந்து துண்டாகப் பிரித்துப் போவதுதான் நல்ல திட்டம்.

டாங் நோட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டுமே வழவழப்பான பாலிமர். இரவில் டாக்ஸியின் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போய்விடும். வித்தியாசம் 25 மடங்கு. பெரிய நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துக்கொண்டு, கொடுக்கும்போது வாய்விட்டு எண்ணிக் கொடுங்கள். வாடகை பைக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1968 வியன்னா ஒப்பந்தப்படி வழங்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தைத்தான் வியட்நாம் ஏற்கிறது. 1949 ஒப்பந்தப்படி தரப்படும் உரிமம் அங்கே செல்லாது. உரிமம் செல்லாவிட்டால் காப்பீடும் பணம் தராமல் கைவிரிக்க வாய்ப்பு அதிகம். நாளைக்கு 6 டாலர் வாடகை வண்டியில் சறுக்கி விழுந்தால் பயணம் முழுவதற்குமான பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்.

கம்போடியாவில் தங்க, சாப்பிட 25 டாலர் போதும். ஆனால் அங்கே போவதே அங்கோர் கோயில்களுக்காக. 2017 பிப்ரவரியில் உயர்த்திய பிறகு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. அருகிலுள்ள சியெம் ரீப் ஊரில் ஐந்து நாள் தங்கி மூன்று நாள் சீட்டு எடுத்தால் சீட்டு மட்டும் நாளைக்கு 12.40 டாலர். கோயில்களைச் சுற்ற டுக்-டுக் வேண்டும், அது நாளைக்கு 15 முதல் 20 டாலர். இருவர் பகிர்ந்தாலும் மொத்தம் 42-ஐத் தாண்டும். மூன்று நாள் சீட்டு பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் செல்லும், தொடர்ச்சியாகப் போக வேண்டியதில்லை. இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் கால் தாங்கும். மாலை 5 மணிக்கு வாங்கினால் மறுநாள் தேதியிட்டுத் தருவார்கள். அன்றைய அஸ்தமனமும் கிடைக்கும். சீட்டு விற்கும் இடம் கோயில் வாசலில் இல்லை, தனியாக இருக்கிறது. சீட்டில் உங்கள் படம் அச்சாவதால் அடுத்தவர் சீட்டை வாங்கிப் பயன்படுத்த முடியாது. அங்கே டாலர் புழங்கும், ஆனால் ஓரம் கிழிந்த நோட்டை யாரும் தொட மாட்டார்கள். புது நோட்டாகக் கொண்டுபோங்கள்.

தாய்லாந்து முன்பு போல் மலிவில்லை, 35 முதல் 45 டாலர் ஆகும். ஏடிஎம் கணக்கை அங்கேதான் பாடமாகப் படிக்கலாம். வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டோ அதற்கு மேலோ பிடிப்பார்கள். 2,000 பாட் எடுத்தால் பிடித்தம் 11 சதவீதம். 20,000 எடுத்தால் 1.1 சதவீதம். கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது பாதுகாப்பு என்று நினைப்பவர் பத்து முறை எடுத்து 2,200 பாட்டை, அதாவது ஏறக்குறைய இரண்டு நாள் செலவைத் தொலைக்கிறார். ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?’ என்று இயந்திரம் கேட்டால், எந்த நாட்டிலும் ‘வேண்டாம்’ என்பதை அழுத்துங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பல சதவீதம் மோசமான மாற்று விகிதம் ஒளிந்திருக்கிறது.

இந்தோனேசியாவில் விசா 500,000 ரூப்பியா. பாலிக்குப் போனால் 2024 பிப்ரவரி முதல் மேலும் 150,000. இரண்டையும் நான்கு நாளில் வகுத்தால் வலிக்கும், மூன்று வாரத்தில் வகுத்தால் தெரியாது. குறுகிய பயணத்துக்கு ஏற்ற நாடு இல்லை. மலேசியாவில் அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவுத் தளம் காட்டும் விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, கவுண்டரில் கேட்பார்கள்.

நேபாளத்தில் இரண்டு விலைப்பட்டியல்கள் ஓடுகின்றன. காத்மாண்டுவிலும் பொக்ராவிலும் 22 முதல் 28 டாலருக்குள் அடங்கும். மலையேறத் தொடங்கிய அன்றிலிருந்து கணக்கு வேறு. தேநீர் விடுதியில் அறை வாடகை மிகக் குறைவு, ஏனென்றால் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது நிபந்தனை. வெளியில் சாப்பிட்டால் அறை வாடகையைக் கூட்டிவிடுவார்கள். உயரம் ஏற ஏற உணவு விலையும் ஏறும், ஏனென்றால் அரிசியும் எரிவாயுவும் மனிதர் முதுகிலோ கழுதை, யாக் முதுகிலோதான் வந்து சேர்கின்றன. அதே தால்-பாத் மேலே மூன்று நான்கு மடங்கு. இருந்தாலும் அதையே கேளுங்கள், ஏனென்றால் சோறும் பருப்பும் மறுபடி போடுவார்கள், மற்ற பண்டங்களுக்கு அது கிடையாது. வெந்நீர்க் குளியல், போன் சார்ஜ், வைஃபை ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் காசு. ஒரு பவர்பேங்கும் தண்ணீர் சுத்திகரிப்பு மாத்திரையும் இருந்தால் நாளைக்கு 6, 7 டாலர் மிச்சமாகும்.

அன்னபூர்ணா பகுதி அனுமதி 3,000 நேபாள ரூபாய், இந்தியா, இலங்கை போன்ற சார்க் நாட்டவருக்கு 1,000. வழிகாட்டிக்கு நாளைக்கு 25 முதல் 35 டாலர். தனியாகப் போகிறவரைச் சுடும் செலவு இதுதான், நால்வர் பகிர்ந்தால் ஒன்றுமில்லை. எவரெஸ்ட் அடிவாரத்துக்கு லுக்லா விமானம் பிடிப்பவர்கள் திரும்பும் தேதிக்குப் பின் குறைந்தது இரண்டு நாள் கையில் வைத்திருக்க வேண்டும். மேகம் இறங்கினால் விமானம் பறக்காது. அதை நம்பிப் போட்ட நாடு திரும்பும் சீட்டு வீணானால் ஒரு வாரச் செலவு போச்சு. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. இந்த விதி திட்டத்தில் இரண்டு ஓய்வு நாள்களைச் சேர்க்கும். அந்தச் செலவைச் சேமிக்க நினைப்பது உயிரோடு விளையாடுவது.

ஜார்ஜியா 32 முதல் 40 டாலர். தலைநகர் திபிலிசியில் மெட்ரோ கட்டணம் 1 லாரி (அந்நாட்டு நாணயம்), வெளியூருக்கு மார்ஷ்ருத்கா வேன். ஆள் நிறைந்தால்தான் பல வேன்கள் கிளம்பும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். உஸ்பெகிஸ்தானும் ஏறக்குறைய அதே விலைதான். அங்கே தாஷ்கண்ட், சமர்கண்ட் இடையே ஓடும் அஃப்ராசியாப் அதிவேக ரயிலில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் டாக்ஸிக்குப் பல மடங்கு கொடுக்கிறார்கள். மெதுவான ரயிலும் அதே பாதையில் ஓடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பாவில் மலிவு வேண்டுமென்றால் பால்கன் நாடுகள். அல்பேனியாவும் போஸ்னியாவும் 40 முதல் 50 டாலர். குரோஷியாவை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். 2023 ஜனவரியில் யூரோவுக்கு மாறிய நாடு அது, அதன் துப்ரோவ்னிக் நகர மதில் மேல் நடக்கவே 35 யூரோவுக்கு மேல் ஆகிறது. அந்தக் காசில் போஸ்னியாவின் மோஸ்தாரில் ஒரு நாள் தங்கிச் சாப்பிட்டு பாலத்தையும் பார்க்கலாம். பஸ்ஸின் அடியில் பை வைக்க ஓட்டுநர் தனியாக ஒன்றிரண்டு யூரோ கேட்பார். ஏமாற்று இல்லை, அங்குள்ள வழக்கம். சில்லறை வைத்திருங்கள்.

அல்பேனியாவில் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டுப் பலர் அதிர்ந்துபோகிறார்கள். 1965-இல் லெக் நாணயத்தில் ஒரு பூஜ்யத்தை வெட்டினார்கள். ஆனால் பேச்சில் அந்தப் பூஜ்யம் இன்னும் போகவில்லை. பலகையில் 500 என்று எழுதியிருக்கும், வாயில் ‘ஐயாயிரம்’ என்பார். ‘புதிய லெக்கா, பழைய லெக்கா?’ என்று கேட்டு, எண்ணை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். சாரந்தா போன்ற கடற்கரை ஊர்களில் ஜூலை, ஆகஸ்டில் அறை வாடகை இரட்டிப்பாகும். ஜூன் அல்லது செப்டம்பர்தான் சரி.

ஆண்டிஸ் மலைநாடுகளில் பொலிவியா 25 முதல் 32, பெரு 38 முதல் 48 டாலர். மதியச் சாப்பாட்டை நம்புங்கள்: சூப், சோற்றோடு இறைச்சி, பழச்சாறு எல்லாம் சேர்ந்த ‘மெனு’ பெருவில் 10 முதல் 15 சோல். அதையே இரவில் தனித்தனியாகக் கேட்டால் இரண்டு மடங்கு. பெருவின் சராசரியை உயர்த்துவது மாச்சு பிக்சு. சீட்டு 152 சோல். ஆனால் உண்மையான செலவு ரயில், போய்வர 100 டாலருக்கு மேல். குஸ்கோவிலிருந்து ஹித்ரோஎலெக்த்ரிகா என்ற இடம் வரை வேனில் ஆறு ஏழு மணி நேரம், அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டி 10 கிலோமீட்டர் நடை என்று போனால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஜனவரி, பிப்ரவரி மழையில் அந்த மலைப்பாதையில் மண் சரியும். அப்போது இந்தச் சிக்கனம் வேண்டாம், ரயிலில் போங்கள்.

பொலிவியாவில் ஊயுனி உப்புவெளிக்கு மூன்று நாள் ஜீப் பயணம் பேசும்போது, மலிவாகச் சொல்லும் விலையில் வழியிலுள்ள தேசிய வனவிலங்குக் காப்பகத்தின் நுழைவுக் கட்டணமான 150 பொலிவியானோ சேர்ந்ததா, தூங்கும் பை சேர்ந்ததா, மூன்றாம் நாள் எங்கே இறக்கிவிடுவார்கள் என்று மூன்றையும் கேளுங்கள். ஊயுனியில் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், பெரிய நகரத்திலேயே எடுத்துவிடுங்கள். லா பாஸ் 3,600 மீட்டர் உயரம். இறங்கியதும் இரண்டு நாள் தலைவலியில் போகும், அந்த இரண்டு நாளுக்கும் வாடகை உண்டு. ஈக்வடார் 2000-இலிருந்து டாலர் நாடு. கரையோரம் மலிவு, கலாபகோஸ் தீவுகள் வேறு உலகம். 2024 ஆகஸ்ட் முதல் பூங்கா நுழைவே 200 டாலர்.

எகிப்தில் 2024 மார்ச்சில் பவுண்டை மிதக்கவிட்டார்கள், அதாவது அதன் மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டார்கள். டாலருக்கு 31 இருந்தது 50 அருகே போனது. அறையும் சாப்பாடும் டாலரில் சட்டென்று இறங்கின. அதற்கு முந்தைய பட்டியல் எதையும் நம்ப வேண்டாம். மன்னர் பள்ளத்தாக்கின் பொதுச்சீட்டில் மூன்று கல்லறைகள்தான் பார்க்கலாம். துட்டன்காமுனுக்கும் முதலாம் செட்டிக்கும் தனிச்சீட்டு. பல தொல்லியல் இடங்களில் கவுண்டரில் அட்டை மட்டுமே வாங்குவார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவை மலிவுப் பட்டியலில் சேர்ப்பது நியாயமே இல்லை. தான்சானியாவின் ஊர்களில் 25 டாலரில் வாழலாம், ஆனால் அங்கே போகிறவர் விலங்கு பார்க்கத்தான் போகிறார். செரங்கெட்டி தேசியப் பூங்கா நுழைவு நாளைக்கு 70 டாலர், 18 சதவீத வரியோடு 82.60. ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு 250, வரியோடு 295. இந்த 295 வண்டிக்கானது என்பதால் இருவர் போனால் தலைக்கு 147.50, ஆறு பேர் போனால் 49. சஃபாரிகள் கிளம்பும் அருஷா நகரில் பேரம் பேசும்போது விலையைக் குறைக்கச் சொல்வதைவிட, ஆறு பேர் நிறைந்த வண்டியில் இடம் கேளுங்கள். பூங்காக் கட்டணம், வரி, சமையல்காரர் கூலி எல்லாம் அந்த விலைக்குள் அடங்கும் என்பதை முன்பணம் தரும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.