பெயரில் ஒரு # இருந்தால் கோப்பு திறப்பதில்லை

பேட்டி ஒலிப்பதிவுகளை போனிலிருந்தே கிளவுடில் ஏற்றி வைப்பது என் அன்றாட வேலை. அதற்காகக் காசு கொடுத்து வாங்கிய ஆப் இது. வேகத்தில் குறை சொல்ல முடியாது. நெட் அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்தே ஏற்றம் தொடர்கிறது. பெயர் விஷயத்தில்தான் கோட்டை விடுகிறது.

"பேட்டி #3" என்று ஒரு ஃபோல்டர். பட்டியலில் ஒழுங்காகத் தெரிகிறது. தொட்டால் "கிடைக்கவில்லை" என்கிறது. இணைய முகவரியில் # வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போகவே போகாது. அதை %23 என்று மாற்றி அனுப்புவது ஆப்பின் பொறுப்பு, நம்முடையதல்ல. + குறியும் அப்படித்தான், இடைவெளியாக மாறிவிடுகிறது.

தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. 'தொ' என்பதில் வரும் ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் முறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஆப்புக்கு வேறு வேறு; அதனால் கம்ப்யூட்டரில் ஏற்றிய "தொகுப்பு" ஃபோல்டர் போனில் தேடினால் வருவதில்லை. தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. அதற்கான வழி யூனிகோடிலேயே இருக்கிறது. இதைக்கூடச் செய்யாமல் தமிழ் ஆதரவு உண்டு என்று விளம்பரம் செய்வது எனக்கு வருத்தம்தான்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பெயரில் ? அல்லது : போட்டால், விண்டோஸ் இதை ஏற்காது என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. அதே அக்கறையை # மேலும் காட்டும்வரை மூன்று நட்சத்திரம்தான் தருவேன்.