முதல் பழைய கார்: அம்பாசிடரா, பத்மினியா?

மதுரையில் கையிலிருக்கும் சொற்பப் பணத்தில் முதல் பழைய கார் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான். என் ஓட்டு அம்பாசிடருக்கு, அதிலும் 1817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜின் வண்டிக்கு. கியர் கம்பி கீழே தரையில் இருக்கும். இன்றைய கார் ஓட்டிப் பழகியவருக்குத் தடுமாற்றம் இல்லை. 2014 வரை உற்பத்தியில் இருந்ததால் சாமான் கிடைக்கிறது, கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் இருக்கிறார். அழகர்கோவிலுக்கு வீட்டில் ஐந்து பேரும் நெருக்காமல் போய்வரலாம்.

பத்மினி பார்க்க அழகு, அதில் இரண்டு பேச்சில்லை. ஃபியட் 1100-ன் வழிவந்த 1089 சிசி வண்டி. மாசி வீதிகளில் வளைத்து நெளித்து ஓட்ட அதுதான் சுகம். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் கியர் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும், பழக நாளாகும். உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் கண்ணாடி ஓர ரப்பருக்குக்கூட அலைய வேண்டும்.

எதை எடுத்தாலும் பெயிண்ட் பளபளப்பில் மயங்கிவிடாதீர்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் வையுங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகரம் இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான். கால்மிதியைத் தூக்கி, தரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நான் பார்த்த ஒரு பத்மினியில் விரல் வைத்த இடம் பொத்துக்கொண்டு கீழே ரோடு தெரிந்தது. இன்ஜின் கோளாறு ஒரு வாரத்தில் சரியாகும். துரு பிடித்த வண்டி டிங்கரிங் பட்டறையில் மாதக்கணக்கில் பணத்தைத் தின்னும்.

ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று, 15 வருஷத்தோடு முடியும். பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அது விட்டுப்போன வண்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.