நாய்க்குட்டிக்கு நீர்க்கடுப்பு: பார்லியா, பாமசியா, பரிசோதனையா?

அடிக்கடி குந்துகிறது, இரண்டு சொட்டு விடுகிறது, பிறகு அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு குட்டி இருந்தால் வெள்ளவத்தை அடுக்குமாடி வீடுகளில் அதற்கு முதலில் கிடைப்பது ஏச்சுத்தான், பழக்கினதை மறந்துவிட்டதாம். பாவம், அது மறக்கவில்லை, அதற்கு எரிகிறது. பெட்டைக் குட்டிகளுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால், மலத்தில் இருக்கும் ஈ.கோலை கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடும்.

பார்லித் தண்ணீர், இளநீர் என்ற வழியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லது, ஆனால் கிருமி அதனால் சாகாது. அதை நம்பி நாட்களைக் கடத்தினால் தொற்று சிறுநீரகம் வரை போகலாம்.

பாமசியில் நமக்குத் தரும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதுதான் எனக்கு உண்மையில் பயம் தருகிறது. மனிதரின் நீர்க்கடுப்புக்குக் கொடுக்கப்படும் சிப்ரோஃப்ளொக்சசின் வகை மருந்துகள் வளரும் குட்டியின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும். வலிக்கு இபுபுரூஃபன் கொடுத்தால் இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். இன்னொன்று, அரைகுறையாக அன்டிபயோட்டிக் கொடுத்துவிட்டுப் போனால் சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி வளராமல் போய்விடும், எந்த மருந்து கேட்கும் என்று பிறகு கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆகவே செலவு கூடினாலும் என் ஓட்டு பரிசோதனைக்குத்தான். அதற்குச் சிறுநீர் எடுக்க இரண்டு முறை உண்டு. வீட்டிலேயே சுத்தமான அகப்பையில் பிடித்துக் கொண்டுபோகலாம். குட்டிக்கு நோவில்லை, இரத்தம், சீழ் அணுக்கள் இருக்கிறதா என்று பார்க்க அது போதும். ஆனால் தோலிலும் மயிரிலும் உள்ள கிருமி அதில் கலந்துவிடும். கொழும்பு வெக்கையில் அரை மணித்தியாலம் வெளியில் வைத்தாலே முடிவு மாறலாம், உடனே பிரிட்ஜில் வைக்க வேண்டும். மற்றது, மிருக வைத்தியர் வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்தே எடுப்பது. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் நொடியில் முடிந்துவிடும், கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இதுதான் நம்பகமானது. எளிய சிறுநீர்ப்பைத் தொற்று என்று உறுதியானால் 3 முதல் 5 நாள் மருந்து போதும் என்கிறது 2019இல் வந்த சர்வதேச வழிகாட்டல். மருந்து முடிந்தும், தூங்கும்போதுகூடச் சொட்டிக்கொண்டே இருந்தால் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய் பிறவியிலேயே இடம்மாறி இருக்கலாம். அதற்கு ஸ்கான் எடுக்க வேண்டும்.

நம் ஊரில் பரிசோதனை இன்னும் முக்கியமாவதற்கு உண்ணியும் ஒரு காரணம். சிறுநீர் கோப்பி நிறத்தில் போய், காய்ச்சலும் வெளிறிய முரசும் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும். பார்லிக்கும் அடங்காது, நீர்க்கடுப்பு மாத்திரைக்கும் அடங்காது. அன்றைக்கே கொண்டு ஓடுங்கள்.

ஊசி முறை என்றால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். கிளினிக் வாசலில் புல்லைக் கண்டதும் குட்டி சிறுநீர் கழித்துவிடும், அப்புறம் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஓட்டோவிலிருந்து இறக்கி விடாமல் தூக்கிக்கொண்டே உள்ளே போங்கள்.