டர்போவோடு வந்த எஞ்சினா, டர்போ பூட்டிய எஞ்சினா?

டொயோட்டாவின் சின்னக் காரான ஸ்டார்லட் வைத்திருக்கிற எங்கள் பக்கத்துப் பொடியன்களுக்கு ஒரே கேள்விதான். ட்ராக்கில் ஓட ஒரு காரை வீட்டிலேயே கட்ட வேண்டும், அதில் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சாமான்) வேண்டும், கையில் காசு கொஞ்சம். காரில் இருக்கிற சாதாரண எஞ்சினுக்கு டர்போ பூட்டுவதா, ஜப்பானிலிருந்து டர்போவோடு வந்த எஞ்சினை வாங்கி மாற்றுவதா? திருகோணமலை உப்புவெளியில் வீட்டுப் பின்வளவில் ஒரு ஈ.பி.91 ஸ்டார்லட்டுக்கு நான் இரண்டாவதைச் செய்து முடித்திருக்கிறேன். அதனால் இந்த அலசல் நடுநிலையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். முதலாவது வழியில் போன நண்பன் ஒருவன் மட்கோவில் இருக்கிறான். அவனுடைய காரிலும் நான் கை அழுக்காக்கியிருக்கிறேன். அந்தப் பக்கத்து நியாயம் அவன் சொன்னது.

முழுக் காராகவே, டர்போவோடு வந்த ஸ்டார்லட்டான ஒரு கிளான்சா வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: விலை. 1996 முதல் 1999 வரை மட்டுமே வந்த கார் அது. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். திறந்தாலும் வயது வரம்பு இருக்கிறது, இந்த வயதுக் கார் இனி வரப்போவதில்லை. நாட்டில் இருக்கிற நல்ல கிளான்சாவை வாங்கி, சீட்டைக் கழற்றி, ரோல் கேஜ் (கார் உருண்டாலும் ஆளைக் காக்கிற இரும்புக் கூடு) அடிக்க எனக்கு மனம் வராது. சரி, அதை விடுவோம். மிச்சம் இரண்டு வழி.

இரண்டு எஞ்சினும் ஒரே குடும்பம். 1331 சிசி, 74 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் அகலம்), 77.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுகிற தூரம்), எல்லாம் ஒன்று. ஈ.பி.91இல் வருகிற சாதாரண 4ஈ-எஃப்ஈ 85 குதிரைவலு தரும். டர்போ உள்ள 4ஈ-எஃப்டிஈ, சிடி9 என்ற சின்ன டர்போவை வைத்துக்கொண்டு 135 தரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு டர்போவும் நாலு குழாயும்தான் வித்தியாசம், அதை நாங்களே பூட்டினால் போயிற்று என்று தோன்றும். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. சாதாரண எஞ்சினின் கொம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் உள்ளே போனதை எத்தனை மடங்கு நெரிக்கிறது என்ற அளவு, 9.6, டர்போ எஞ்சினின் கொம்ப்ரஷன் 8.2.

டர்போ காற்றை அமுக்கும்போது காற்று சூடாகும். 33 டிகிரியில் உள்ளே போகிற காற்றை 0.65 பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலாக டர்போ ஏற்றுகிற அழுத்தம்) அமுக்கினால், சின்ன டர்போவின் இழப்பையும் சேர்த்து, 100 டிகிரிக்குக் கிட்ட வெளியே வரும். அந்தக் காற்றை ஆற்றுகிற, ரேடியேட்டர் மாதிரியான இன்டர்கூலர் அதைக் குறைக்கும். ஆனால் எவ்வளவு நல்ல இன்டர்கூலர் என்றாலும் வெளிக்காற்றைவிடக் குளிராக்காது. ஆடி மாதம் கச்சான் காற்று சூடாக அடிக்கிறபோது பகல் 2 மணிக்கு எங்கள் வளவில் பொனட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டுக் காற்றை 9.6 கொம்ப்ரஷனில் இன்னொரு தரம் நெரித்தால் பெற்றோல் தன் பாட்டில் வெடிக்கும். அதைத்தான் நொக் என்கிறோம். நாங்கள் அடிக்கிறது 95 ஒக்டேன் பெற்றோல்தான்.

நண்பனின் காரில் அது எப்படி வெளிப்பட்டது என்று சொல்கிறேன். ஓடிக்கொண்டிருந்தபோது பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சூரிய வெளிச்சத்தில் பிடித்தபோது, வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவியதுபோலப் பொட்டுகள், சிலது கறுப்பு, சிலது மினுமினுப்பு. மினுங்கினது பிஸ்டனின் அலுமினியம். டிப்ஸ்டிக்கை இழுத்தால் குழாயால் புகை வந்தது. ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனை எடுத்தபோது இரண்டு ரிங்குக்கும் நடுவில் இருக்கிற விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு உடைந்திருந்தது. இத்தனைக்கும் அவன் வைத்திருந்தது 0.4 பார்தான்.

அவனுக்கு வேலை தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலையில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அடிபட்டது ட்யூனில், அதாவது பெற்றோலையும் பற்றவைப்பையும் எஞ்சினுக்கு ஏற்றபடி கணக்கு எழுதுவதில். என் அலசலில் முடிவைத் தீர்மானிப்பதும் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரண எஞ்சினின் ஈசியு (எஞ்சினை ஆளுகிற சின்னக் கணினி), வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும்தான் கணக்கு அறியும். பூஸ்ட் ஏறினால் எவ்வளவு பெற்றோல் விட வேண்டும், பற்றவைப்பை எவ்வளவு பின்தள்ள வேண்டும் என்று அதில் எழுதியே இல்லை. ஆகவே தனி ஈசியு வேண்டும், பெற்றோலைப் பீச்சுகிற பெரிய இன்ஜெக்டர் வேண்டும், புகைக்குழாயில் கலவையை அளக்கிற வைட்பாண்ட் சென்சர் வேண்டும், பூஸ்டில் கலவை (பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று எத்தனை பங்கு) 11.5க்கும் 12க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளும், காரை நின்ற இடத்திலேயே ஓட்டி வலுவை அளக்கிற டைனோவும் கொழும்புப் பக்கம். திருகோணமலையிலிருந்து 260 கிலோமீட்டர் சொச்சம். ட்யூன் இல்லாத காரை ஓட்டிக்கொண்டு போக முடியாது, ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். போய் ஒரு நாளில் வேலை முடிந்தால் நல்லது. எஞ்சினின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகிற மனிபோல்டில் ஒரு கசிவு தெரிந்தால் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்து, வெல்ட் அடித்து, இன்னொரு நாள் கேட்டு, மறுபடி ஹபரணைக் காட்டைத் தாண்ட வேண்டும்.

மடிக்கணினியை மடியில் வைத்து நிலாவெளி றோட்டில் ட்யூன் பண்ணுகிற கதையும் இங்கே உண்டு. மாடும் ஆட்டோவும் சைக்கிளில் போகிற வெள்ளைக்காரரும் நிறைந்த றோட்டில் மூன்றாம் கியரில் முழு பூஸ்ட் எடுப்பதை நான் வேலை என்று சொல்லமாட்டேன். சீனக்குடாவில் நீளமான ஓடுபாதை இருக்கிறது. ஆனால் அது விமானப்படையுடையது, பார்க்கத்தான் முடியும்.

இன்னொன்று, ட்யூன் ஒரு தரம் எழுதினால் முடிந்துவிடுகிற விஷயமில்லை. மார்கழி மழையில் எழுதிய கணக்கு ஆடிக் கச்சானில் இறுக்கமாகிவிடும். நல்ல ட்யூனர் உள்ளே போகிற காற்றின் சூட்டைப் பார்த்துத் திருத்த இடம் வைப்பார்தான். ஆனாலும் பூஸ்டைக் கூட்டினாலோ, இன்ஜெக்டரை மாற்றினாலோ, மனிபோல்டை மாற்றினாலோ திரும்பவும் அதே 260 கிலோமீட்டர்.

டர்போவோடு வந்த எஞ்சினில் இந்தக் கணக்கை டொயோட்டா எழுதி முடித்துவிட்டது. ஈசியு கூடவே வருகிறது. பிளொக்கில் நொக் சென்சர் இருக்கிறது, சத்தம் கேட்டால் அது தானே பற்றவைப்பைப் பின்தள்ளும். எல்லைக்கு மேல் பூஸ்ட் ஏறினால் பெற்றோலை வெட்டிவிடும். 135 குதிரையோடு திருப்தியாக இருந்தால் ட்யூனரின் முகத்தையே பார்க்கத் தேவையில்லை. 900 கிலோவுக்குள் நிற்கிற காருக்கு 135 சின்ன வலு இல்லை, கட்டுகுருந்தை ட்ராக்கில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் கம்பனி பூஸ்டைத் தாண்டவில்லை. 1 பாருக்கு மேல் இந்த எஞ்சின் எவ்வளவு காலம் தாங்கும் என்று என் கையால் சொல்ல அனுபவம் இல்லை. தாண்டுகிறவருக்கும் தனி ஈசியு, ட்யூனர் எல்லாம் வேண்டித்தான் வரும். ஆனால் அவர் 8.2 கொம்ப்ரஷனோடு அங்கே போகிறார்.

பூட்டு வேலையின் மற்றப் பகுதியைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு எங்கள் ஊர் கொழும்பைவிட நல்ல ஊர் என்றுகூடச் சொல்லலாம். படகுக்கு ஸ்டெயின்லெஸ் அடித்துப் பழகிய கைகள் இங்கே இருக்கின்றன. தடித்த சுவருள்ள ஸ்டீம் பைப்பைக் கொடுத்தால் வெடிக்காத மனிபோல்ட் செய்து தருவார்கள். மெல்லிய குழாயில் செய்தால் சூட்டுக்கும் குளிருக்கும் விரிந்து சுருங்கி வெல்ட் ஓரத்தில் கீறும். கவனம் வேண்டிய இடம் டர்போவிலிருந்து ஒயில் திரும்புகிற குழாய். அங்கே ஒயில் அழுத்தத்தில் வராது, தன் பாரத்தில் இறங்கும். எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கிற சட்டியான சம்ப்பில், ஒயில் மட்டத்துக்கு மேலே, வளைவில்லாமல், அகலமாக வந்து சேர வேண்டும். இது பிழைத்தால் டர்போ நல்லதாக இருந்தும் நீலப் புகை அடிக்கும்.

நண்பனின் வாதத்தையும் எழுத வேண்டும். "மச்சான், 4ஈ-எஃப்ஈ எஞ்சின் மூலைக்கு மூலை கிடக்கு. வெடிச்சா இன்னொண்டைப் போடுவன். உன்ர எஞ்சின் வெடிச்சா நீ என்ன செய்வாய்?" நியாயமான கேள்வி. சாதாரண ஸ்டார்லட்டின் கஸ்கட், பெயாரிங் எல்லாம் டவுனிலேயே கிடைக்கும். என் எஞ்சினின் டர்போ சாமானுக்குக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும், அனுப்பினாலும் அன்றைக்கே கிடைக்கும் என்றில்லை. அவன் தொடங்கின செலவும் என்னுடையதைவிடக் குறைவு. புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் இலக்கமும் அப்படியே இருக்கிறது. நான் எஞ்சின் மாற்றினதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டியிருந்தது. அதைச் சோம்பலில் விட்டால் விற்கிற நாளில் தலையிடி. ஆனால் வெடிக்கிற ஒவ்வொரு தரமும் அவன் இழப்பது எஞ்சினின் விலை மட்டுமில்லை. காசு கட்டி வைத்த ட்ராக் நாளும் போகிறது.

என் வழியின் கஷ்டங்கள் வேறு. எஞ்சினை மட்டும் வாங்காமல் ஹாஃப் கட்டாக, அதாவது வெட்டி எடுத்த காரின் முன் பாதியாக, வாங்குங்கள். கியர் பொக்ஸ், ட்ரைவ் ஷாஃப்ட், வயரிங், ஈசியு எல்லாம் ஒன்றாக வரும். சாதாரண காரின் கியர் பொக்ஸை டர்போவுக்கு நம்ப முடியாது. வயரிங்கை வெட்ட விடாதீர்கள், விற்கிறவன் வெட்டித்தான் தருவேன் என்றால் வேறு இடம் பாருங்கள். கழற்றும்போது ஒவ்வொரு பிளக்குக்கும் நான் பிளாஸ்டர் ஒட்டிப் பேனையால் எழுதினேன். எங்கள் வியர்வையில் மை இரண்டு நாளில் கரைந்துவிட்டது. பிறகு நிற நூல் கட்டித்தான் அடையாளம் வைத்தேன். ஈசியு பிளக்கின் பித்தளை ஊசிகளில் பச்சை பூத்திருக்கும், கடற்கரையில் அது இன்னும் வேகமாகப் பூக்கும். காரைத் தொட முதல் அதைச் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். பாதி மின் கோளாறு வராமலே நிற்கும்.

கம்பனி இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கும், அதற்குக் காற்று வர பொனட்டில் மூக்கு வேண்டும். சாதாரண ஸ்டார்லட் பொனட்டில் மூக்கு இல்லை. கிளான்சா பொனட் தேடலாம், அல்லது முன் பம்பருக்குப் பின்னால் தனி இன்டர்கூலர் வைக்கலாம். எங்கள் வெயிலுக்கு இரண்டாவதுதான் சரி. மேலே இருப்பது ட்ராக் ஓரத்துப் பிட்டில் நின்ற நேரமெல்லாம் எஞ்சின் சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கும்.

பிரேக், ரயர், ரேடியேட்டர் விஷயத்தில் இரண்டு வழிக்கும் ஒரே செலவுதான். பிரேக் ஒயிலை மட்டும் சொல்லிவிடுகிறேன். டொட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 155க்கு இறங்கலாம். கடல் ஓரம் ஈரத்துக்குக் குறைவில்லை, ஒவ்வொரு ட்ராக் நாளுக்கும் முதல் மாற்றுங்கள்.

விற்கும்போது 4ஈ-எஃப்டிஈ தன் விலையை வைத்துக்கொள்கிறது. வீட்டில் செய்த மனிபோல்டுக்கு வாங்குகிறவன் பழைய இரும்பு விலைதான் சொல்வான், அது எவ்வளவு நல்ல வேலையாக இருந்தாலும்.

கொழும்பில் இருக்கிறீர்கள், டைனோ பக்கத்துத் தெரு, அல்லது நீங்களே ட்யூன் பண்ணத் தெரிந்தவர் என்றால் நண்பனின் வழியில் தாராளமாகப் போகலாம். கொம்ப்ரஷன் குறைந்த பிஸ்டனும் போட்டுக்கொண்டால் என் எஞ்சினைத் தாண்டவும் செய்யும். திருகோணமலையில் இருந்துகொண்டு என்றால் என் பதில் மாறாது.

ஹாஃப் கட் பார்க்கப் போகிறவர்களுக்கு: நாலு சிலிண்டரிலும் கொம்ப்ரஷன் பாருங்கள், ஒன்றுக்கொன்று கிட்ட நிற்க வேண்டும். இன்டர்கூலர் குழாயைக் கழற்றி விரலை விடுங்கள். ஒயில் ஈரம் இருந்தால் பரவாயில்லை, தேங்கியிருந்தால் யோசியுங்கள். கடைசியாக டர்போவின் நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுங்கள். மேலும் கீழும் மெல்ல ஆடும், ஒயில் அழுத்தம் இல்லாதபோது அது இயல்பு. முன்னும் பின்னும் கையில் தெரிகிற அளவுக்கு ஆடினால், அல்லது இறக்கை சுவரில் உரசின தடம் தெரிந்தால், டர்போவின் விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.