ஏழு வருடமாக நான் 14

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பக்கத்து மேசைப் பெண் கேட்டாள்: "அக்கா, நீங்க போற மலையேற்றக் குழுவுல நானும் சேரலாமா? இல்ல, அரசாங்கத்தோட மலையேற்றத் தளத்துலயே புக் பண்ணிக்கட்டுமா?" போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது ஆரணியில் நடந்ததற்கு நாலு நாள் கழித்து. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சென்னை மலையேற்றக் குழுக்கள் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான். சனிக்கிழமை ராத்திரி வேன், திங்கட்கிழமை காலை முட்டிவலி. ஆண்டுச் சந்தா, செலவில் ஆளுக்குப் பங்கு. நாகலாபுரம், ஏலகிரி, ஜவ்வாது மலை, பர்வதமலை என்று சுற்றிச் சுற்றி அதே ஊர்கள். அதையெல்லாம் விடுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது 'கணக்கு' பற்றி.

வேனில் ஏறும்போதே ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுவார்கள். பழைய ஆட்களுக்கு நிரந்தர எண் உண்டு, என்னுடையது 14. ஓடையைக் கடந்தால், பாதை இரண்டாகப் பிரிந்தால், யாராவது ஷூ லேஸ் கட்டக் குனிந்தால்கூட, முன்னால் போகிறவர் "கணக்கு!" என்று கத்துவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று குரல் பின்னோக்கிப் போக வேண்டும். கடைசி ஆள் தன் எண்ணைச் சொல்லி "முடிஞ்சது" என்றால்தான் அடுத்த அடி. நடுவில் ஒருவர் வாயைத் திறக்கவில்லையா, மறுபடி ஒன்றிலிருந்து. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடக்கும் ஒன்பதாம் எண்ணால் நான் வெயிலில் நின்ற நேரத்தைக் கூட்டினால் இன்னொரு மலை ஏறியிருக்கலாம். ஒருமுறை எப்படிக் கூட்டினாலும் ஒரு ஆள் குறைந்தது. கால் மணி நேரம் தேடினோம். வழிநடத்துகிற அண்ணன் தன்னை எண்ணவில்லை. ஆற்றைக் கடந்த சீடர்கள் கதை இருக்கிறதே, அதேதான்.

நாகலாபுரத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று 14 சொல்லியிருக்கிறேன். பர்வதமலையில் கடப்பாறை அடித்து வைத்திருக்கும் செங்குத்துப் பாறையில், இரண்டு கையும் சங்கிலியைப் பிடித்திருக்க, கோயிலுக்குப் போகிறவர்கள் வேடிக்கை பார்க்க, 14 சொல்லியிருக்கிறேன். உச்சிக்கு வந்து சூரியன் பாதி எழுந்திருக்கும்போது, யாருக்கும் பேச்சே வராத அந்த நேரத்தில், "கணக்கு!" தூக்கத்திலும் 14 என்று முனகுகிறேனாம். வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

நான் சேர்ந்தபோது இந்தப் பைத்தியம் கிடையாது. 2018 மார்ச் 11-ஆம் தேதிக்குப் பிறகு வந்தது. போடிக்கு மேலே குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். எங்கள் குழு அங்கே போகவில்லை. ஆனால் அன்று ராத்திரி முழுக்க எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மலைமேல் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்ற எண் செய்திக்குச் செய்தி மாறிக்கொண்டே இருந்ததுதான் எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. அப்புறம் மலையேற்றத்துக்குத் தடை வந்தது, அரசு புது விதிகள் போட்டது, நாங்கள் பல மாதம் பெசன்ட் நகர் கடற்கரையில் குப்பை பொறுக்கிக்கொண்டு கிடந்தோம். மறுபடி மலைக்குப் போன முதல் நாள் 'கணக்கு' ஆரம்பித்தது. அன்று யாரும் முணுமுணுக்கவில்லை. நானும்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 2020 ஊரடங்கில் வாட்ஸப்பிலும் கொண்டு வந்தார்கள்: காலை ஏழு மணிக்கு அவரவர் எண்ணைப் போட வேண்டும். அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவில் எந்தக் காட்டில் தொலையப் போகிறோம் என்று நானே கிண்டலடித்தேன். ஒரு நாள் 1, 2 வந்தது, 4 வந்தது. மூன்றாம் எண், ரயில்வேயில் ஓய்வு பெற்று குரோம்பேட்டையில் தனியாக இருக்கும் சார். எட்டு மணி வரை பார்த்துவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் நாலாம் எண் மாஸ்க் கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். சார் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார், மகன் துபாயில். ஆம்புலன்ஸ் வந்தது, பிழைத்துக்கொண்டார். இப்போதும் முட்டியில் உறை மாட்டிக்கொண்டு கடைசி ஆளாக வந்து "முடிஞ்சது" சொல்கிறவர் அவர்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூரில் தண்ணீர் நின்றதே, அப்போதும் கயிறையும் தலைவிளக்கையும் எடுத்துக்கொண்டு போனோம். எல்லோரும் பால் பாக்கெட்டோடு போனால், எங்கள் ஆட்கள் முதலில் நோட்டோடு போனார்கள். மாடிக்கு எத்தனை பேர், இன்சுலின் போடுகிறவர் யார், கைக்குழந்தை உண்டா என்று எழுதி வந்து, அதன்படி பிரித்துக் கொடுத்தார்கள். சாமான் மிஞ்சவும் இல்லை, யாருக்கும் இல்லாமலும் போகவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஏலகிரிக்குக் கூட்டிப் போவோம். அவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு விளையாட்டு. என் 14-ஐ ஒரு ஏழாம் வகுப்புப் பெண் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று முழுக்க நான் 31.

இவ்வளவு சொல்லிவிட்டு ஆரணிக்கு வருகிறேன்.

பர்வதமலையிலிருந்து திரும்பும் வழியில், ஆரணி தாண்டி ஒரு டீக்கடையில் வேன் நின்றது. நான் கழிப்பறை தேடிக் கடைக்குப் பின்னால் போனேன். போன் வேனில் சார்ஜில் இருந்தது. வந்து பார்த்தால் வேன் இல்லை.

எல்லாம் கணக்கு எடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள். என் இருக்கையில் சால்வையைச் சுருட்டி வைத்திருந்தேன், இருட்டில் ஆள் படுத்திருப்பது போலத் தெரிந்திருக்கிறது. 13 முடிந்ததும் பின்னாலிருந்த புதுப் பையன், அக்கா பாவம் தூங்குகிறார் என்று, கல்லூரியில் ப்ராக்ஸி கொடுக்கிற மாதிரி "பதினாலு" என்று சொல்லிவிட்டான். ஒரே தடவையில் கணக்கு முடிந்துவிட்டது என்று கைதட்டல் வேறு.

டீக்கடை அம்மா தன் போனைக் கொடுத்தார். அப்போதுதான் புரிந்தது, அந்த வேனில் இருக்கும் ஒவ்வொருவரின் எண்ணும் எனக்குத் தெரியும். ஒருவரின் போன் நம்பரும் தெரியாது. மனப்பாடமாக இருந்தது வீட்டுக்காரர் நம்பர் ஒன்றுதான். அவர் தாம்பரத்திலிருந்து யார் யாரையோ பிடித்து வேனைத் திருப்ப ஐம்பது நிமிடம் ஆனது. அதுவரை இரண்டு டீ, ஒரு மசால் வடை. அந்த அம்மா காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார், அதில் இன்னும் அழுகை வந்தது. வேனில் ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் திரும்பிப் பார்த்து, "சரி, கணக்கு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். காஞ்சிபுரம் வரை அப்படியே இருந்தேன்.

ஏழு வருடத்துக்கும் மேலாகக் குரலை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், எழுந்து வந்து தலையை எண்ண ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை அன்று வேனிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அரசாங்கத் தளத்துக்கு வருகிறேன். 'ட்ரெக் தமிழ்நாடு' 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு ஆரம்பித்தது. ஒருமுறை போயிருக்கிறேன். உள்ளூர்ப் பழங்குடி, காட்டோரக் கிராமத்து இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். எங்களோடு வந்தவர் யானைச் சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்து, "காலைல போயிருக்கு, கொஞ்ச நேரம் உக்காருவோம்" என்றார். எங்கள் குழுவில் யாருக்கும் அது தெரியாது. அனுமதிக்கு அலைய வேண்டாம், கத்தலும் கிடையாது, சூரிய உதயத்தை முழுசாகப் பார்க்கலாம். மறுநாள் காலை ஏழு மணிக்கு நாம் எழுந்தோமா என்று கேட்க ஆள் இல்லை. இருபத்தைந்து வயதில், அம்மா அப்பாவோடு இருக்கிற பெண்ணுக்கு அது ஒரு குறையா என்ன? அதையே புக் பண்ணிக்கோ என்று சொல்லிவிட்டேன். குழுவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு.

சந்தா கட்ட மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. இன்னும் கட்டவில்லை. 14-ஐ வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று மட்டும் அண்ணனுக்கு ஒரு செய்தி போட்டிருக்கிறேன்.