எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன்: அல்பினிசம் உள்ள ஒருத்தியின் ரிவ்யூ

சன்ஸ்கிரீன் ரிவ்யூக்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரே மூன்று கேள்விகள்தான்: முகம் பளிச்சென்று தெரிகிறதா, எண்ணெய் வழிகிறதா, மேக்கப்புக்கு அடியில் போடலாமா. எனக்குப் பிறவியிலேயே அல்பினிசம். தோல், முடி, கண் மூன்றிலும் மெலனின் என்ற நிறமி கிட்டத்தட்ட இல்லை. அதனால் என் கேள்வி ஒன்றே ஒன்று, இதைப் பூசிக்கொண்டு வெளியே போனால் தோல் வேகாமல் வீடு திரும்புவேனா? நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகளில் பாதிக்கு மேல் எந்த நிறுவனத்தின் ட்யூபை எடுத்தாலும் பொருந்தும்.

முதலில் உள்ளே இருக்கும் சரக்கு. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு இரண்டும் சேர்ந்த மினரல் வகை. வாசனை இல்லை, எஸ்பிஎஃப் 50, யுவிஏ என்ற வகைப் புற ஊதாக் கதிருக்கும் பாதுகாப்பு உண்டு என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அந்தக் கடைசி விஷயத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எஸ்பிஎஃப் என்ற எண் பெரும்பாலும் யுவிபி என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரால் தோல் சிவப்பதைப் பற்றியது, யுவிஏவைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்லாது. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருவதும் அந்த யுவிஏதான், ஆகவே பேருந்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால் கண்ணாடி காப்பாற்றும் என்று நம்பிவிட வேண்டாம்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. கண்ணில் எரிச்சல் இல்லை, எனக்கு இது பெரிய விஷயம், வெளிச்சத்துக்கே கூசுகிற கண்ணில் கிரீமும் வழிந்தால் நடுத்தெருவில் நின்றுவிட வேண்டியதுதான். தோலில் வெள்ளையாகப் படிகிறது என்று மற்ற ரிவ்யூக்களில் நட்சத்திரத்தைக் குறைத்திருக்கிறார்கள். என் தோலில் வெள்ளை படிந்தால் யாருக்குத் தெரியப்போகிறது, சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. எனக்குப் பார்வையும் குறைவு, வெள்ளைத் தோலில் வெள்ளைக் கிரீம், எங்கே விட்டுப்போனது என்று கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கண்ணை நம்பாமல் வரிசையை நம்புகிறேன்: காது முதலில், பிறகு பிடரி, தலை வகிடு, அப்புறம்தான் முகம், கடைசியில் புறங்கை. காதையும் பிடரியையும்தான் எல்லோரும் மறப்பார்கள். உதட்டுக்குத் தனியாக ஒரு ஸ்டிக் வேண்டும்.

இனிமேல்தான் குறைகள். இந்த ட்யூப் 50 மில்லி. எஸ்பிஎஃப் சோதனை செய்யும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசுகிறார்கள், அந்த அளவில் பூசினால்தான் பெட்டியில் உள்ள எண் உண்மை. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். நான் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டு, முகம், கழுத்து, காது, கைகளுக்கு மட்டும் பூசுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம், ஒரு தடவைக்கு சுமார் 5 மில்லி. ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றால் 15 மில்லி. நாலாவது நாள் ட்யூபைப் பிதுக்கினால் காற்றுதான் வரும். இதை வருடம் முழுக்க, ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வீட்டில் அல்பினிசம் உள்ள பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் இரண்டால் பெருக்குங்கள். பட்டாணி அளவு தொட்டு முகத்தில் தடவிக்கொள்கிறவருக்காகச் செய்த பாக்கெட் இது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் அப்படித்தான், டேன் (வெயிலில் தோல் கறுப்பது) நீங்கும், சருமம் பொலிவு பெறும். எனக்கு டேன் ஆகவே ஆகாது ஐயா, சிவந்து கொப்புளம் வரும். ஆண்டுக்கணக்கில் அப்படி வெந்துகொண்டே இருந்தால் தோல் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம்.

அழகுசாதனம் என்று முத்திரை குத்திவிட்டால் அதோடு பல கதவுகள் மூடிக்கொள்ளும். மருத்துவக் காப்பீட்டில் வராது, அரசு மருந்தகத்தில் கிடைக்காது, வரி போடும்போதும் வாசனைத் திரவியத்தோடு சேர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2025இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சன்ஸ்கிரீனைச் சேர்த்தது, அதுவும் அல்பினிசம் போன்ற நிலை உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் வராமல் தடுப்பதற்காக. நல்ல சேதி. ஆனால் அது மாதிரிப் பட்டியல்தான், ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் பட்டியலில் ஏற்றி, வாங்கி, கொடுத்தால்தான் ட்யூப் நம் கைக்கு வரும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையின் 25வது பிரிவு, இருக்கிற குறைபாடு மேலும் மோசமாகாமல் தடுக்கும் மருத்துவச் சேவையைத் தருவது அரசின் கடமை என்கிறது. அல்பினிசம் உள்ளவருக்கு அந்தச் சேவை இந்தக் கிரீமிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் வாதம்.

முடியாத காரியமில்லை. தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் மோஷி என்ற ஊர், அங்கே தோல் நோய்ப் பயிற்சி மையத்தோடு சேர்ந்து ஸ்பெயின் மருந்தாளுநர் மஃபால்டா சோட்டோ தொடங்கி வைத்த வேலை, கிலிசன் என்ற சன்ஸ்கிரீன். உள்ளூரிலேயே தயாரித்து, அல்பினிசம் உள்ளவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள், கூடவே எப்படிப் பூசுவது என்றும் சொல்லித் தருகிறார்கள். நான் அதைப் பூசிப் பார்த்ததில்லை, அதனால் மதிப்பெண் போட மாட்டேன். ஆனால் யாருக்காகச் செய்கிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் கிரீமைக் கலக்கியிருக்கிறார்கள், என் கையில் இருக்கும் ட்யூபில் அது இல்லை.

தான்சானியா என்றதும் பலருக்கு வேறு செய்தி ஞாபகம் வரும். உடல் உறுப்பால் அதிர்ஷ்டம் வரும் என்ற மூடநம்பிக்கையில், அங்கேயும் மலாவி போன்ற பக்கத்து நாடுகளிலும் எங்களைப் போன்றவர்களை வெட்டியதும் கொன்றதும், கல்லறையைத் தோண்டியதும். குழந்தைகளைக்கூட விடவில்லை. அங்கே சுமார் 1,400 பேருக்கு ஒருவர் அல்பினிசத்தோடு பிறக்கிறார் என்று மதிப்பிடுகிறார்கள், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர். அந்தத் தாக்குதல்களைக் கண்டித்து 2013 ஜூன் 13 அன்று ஐநா மனித உரிமை மன்றம் தீர்மானம் போட்டது, அந்தத் தேதிதான் 2015 முதல் சர்வதேச அல்பினிச விழிப்புணர்வு நாள். அதே 2015இல் இதற்கென்றே ஒரு தனி நிபுணர் பதவியை உண்டாக்கி, அல்பினிசம் உள்ள நைஜீரியப் பெண்மணி இக்போன்வோசா ஏரோவை நியமித்தார்கள். கொலை நடந்தால் செய்தி வரும். வயலில் வேலை செய்து, தோல் புண்ணாகி, புண் புற்றாகி, சிகிச்சைக்குப் போக வழியில்லாமல் இளம் வயதிலேயே சாகிறவருக்குச் செய்தி வராது. இரண்டுமே உயிர் வாழும் உரிமை பற்றியதுதான், ஒன்றைத் தடுக்கக் காவல்துறை வேண்டும், மற்றதைத் தடுக்கப் பெரும்பாலும் தொப்பியும் சட்டையும் இந்த ட்யூபும் போதும். ரிவ்யூவில் இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்பீர்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

சரி, ட்யூபுக்கு வருகிறேன். காலாவதித் தேதியை எங்கே போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ட்யூபின் வால் பக்கம், மடித்து ஒட்டிய விளிம்பில், மை இல்லாமல் வெறுமனே அழுத்தி. அல்பினிசத்தில் விழித்திரையின் மையப் பகுதி சரியாக வளராது, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையும் வேறு மாதிரி அமையும், பலருக்குக் கருவிழி ஆடிக்கொண்டே இருக்கும், கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. அதாவது இந்தப் பொருள் யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ அவரால்தான் இதன் லேபிளைப் படிக்க முடியாது. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன், நிழல் விழுந்து அதுவும் தெளிவில்லை, கடைசியில் விரலால் தடவிப் பார்த்தும் புரியாமல் இன்னொருவரிடம் கேட்டேன். கறுப்பு மையில் பெரிய எழுத்தாக அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

வாங்கிய கடையைப் பற்றியும் இரண்டு வரி. நான் கேட்ட கேள்விக்கு விற்பனையாளர் என் கூட வந்த தோழியைப் பார்த்துப் பதில் சொன்னார். அவள் என்னைக் கை காட்டியும் பயனில்லை. மிச்சக் காசையும் என் கையில் படாமல் மேசையில் வைத்தார், ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் போல. ஒட்டாது, இது மரபணுவில் வருவது, பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு அல்பினிசம். கடைக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் ஏசி நன்றாக இருந்ததால்.

இன்னொன்று, கிரீமை மட்டும் நம்பாதீர்கள். அகலமான விளிம்புள்ள தொப்பி, நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி, இவைதான் முதல் வரிசை, கிரீம் மிச்ச இடங்களுக்கு. பள்ளியிலோ வேலை இடத்திலோ தொப்பியைக் கழற்று, கண்ணாடியைக் கழற்று, அது ஒழுங்குமீறல் என்று சொன்னால், அதே ஐநா உடன்படிக்கையில் நியாயமான ஏற்பாடு, அதாவது ஒருவரின் தேவைக்கு ஏற்ப விதியை மாற்றிக்கொடுப்பது, என்று ஒன்று இருக்கிறது, அதை மறுப்பதே பாகுபாடு என்று 2வது பிரிவு சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஆக, கிரீமுக்கு ஐந்துக்கு நாலரை. பாக்கெட்டுக்கும் லேபிளுக்கும் ஒன்றரை. மறுபடி இதையே வாங்குவேன், வேறு வழியும் இல்லை. நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன், அழுத்தினால் வரும் பம்ப் வைத்து அரை லிட்டர் பாட்டில் போடுங்கள், பொலிவு டேன் எல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் எவ்வளவு பூச வேண்டும் என்று பெரிதாகப் போடுங்கள் என்று. பதில் இன்னும் வரவில்லை. கைக்குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு, ஆறு மாதம் ஆகும்வரை கிரீமை நம்பி வெயிலில் கொண்டுபோகாதீர்கள், நிழலும் துணியும்தான், அதற்குப் பிறகு தோல் மருத்துவரைக் கேட்டுவிட்டு இந்த மினரல் வகையில் ஆரம்பியுங்கள்.